மூன்றாவது மூக்கு

"தப்பா நினைக்காதீங்க மாமா... இது மூக்கா, கதவுக் கைப்பிடியா?"

மருமகள் கேட்டதும் சர்வேயருக்கு உள்ளங்கை வியர்த்தது. முப்பது வருடம் அடுத்தவர்களின் எல்லைச் சண்டைக்கு நடுவே அளவுச் சங்கிலியோடு நின்றவர். அப்போதுகூட இப்படி வியர்த்ததில்லை.

ஓய்வு பெற்றதும் மருமகளின் ஓவிய வகுப்பில்தான் சேர்ந்தார். சுவரில், தங்க முலாம் சட்டத்துக்குள் ஒரு முகம். இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு மேதை, கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்துகொண்டது; மருமகள் வீட்டுப் பரம்பரைச் சொத்து. அதை அதே அளவில், எண்ணெய் வண்ணத்தில் அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தோற்றால் மறுபடி பென்சில் வகுப்பு. அங்கே பக்கத்து இருக்கை ஆறு வயதுப் பேத்திக்கு. அவர் வரைந்த வாத்தைப் பார்த்து, "தாத்தா, இது செருப்பா?" என்று கேட்டவள் அவள்.

ஸ்டாண்டில் இருந்த படத்தை மருமகள் விட்டபாடில்லை.

"கண்ணுல உசிரே இல்ல மாமா. பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி முழிக்கிறார். நெத்தியில வெடிப்பு வேற! அசல்ல முடி மாதிரி மெல்லிசாதான் இருக்கும். நீங்க வாய்க்காலே வெட்டிட்டீங்க."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாரேம்மா."

"தெருமுனையில நின்னு பார்த்தாலும் இதே மூக்குதான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் நடந்தாள். சர்வேயர் அவசரமாகப் பின்னாலேயே போனார்.

"இங்க பாருங்க, இதுதான் மூக்கு! மூச்சு விடுறது காதுல கேக்குது. கண்ணு, நாம நகர்ந்தா கூடவே வருது. இதெல்லாம் பிறவியிலேயே வரணும் மாமா."

"வரணும், வரணும்." அவர் வேகமாகத் தலையாட்டினார். "ஆனா, தொடாம சொல்லும்மா."

"தொட்டா என்ன? காய்ஞ்சு இருநூறு வருஷமாச்சு!" என்று சிரித்தபடி, மூக்கின் நிழலை விரலால் தடவிக் காட்டினாள்.

விரல் நுனியில் பழுப்பு வண்ணம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் சர்வேயர் மெல்லச் சொன்னார்: "ஸ்டாண்டுல இருக்கிறதைத் தடவிப் பாரும்மா. அது நல்லாக் காய்ஞ்சிருக்கும்."