பத்துப் பேர், பதினோரு குரல்

ஆலைக் காவலர்கள் பத்துப் பேரின் வாக்கி டாக்கிகளையும் கைப்பேசிகளோடு இணைத்து முடித்தான் மெக்கானிக். இனி பேச்சு மதிலைத் தாண்டியும் போகும். சோதித்துப் பார்க்க ஒரு கைப்பேசியை, வீட்டு மாடியில் தனியாக இருந்த மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

காலை எண்ணிக்கை தொடங்கியது. ஒவ்வொருவராக எண்ணையும் நிற்கும் இடத்தையும் சொன்னார்கள். பத்தாமவருக்குப் பிறகும் ஒரு குரல் வந்தது. "பதினொண்ணு. பழைய கிணறு. எல்லாம் சரி."

"யாருண்ணே அது?" என்றான் மெக்கானிக்.

சூப்பர்வைசர் கொட்டாவி விட்டார். "தெரியலப்பா. வருஷக்கணக்கா அது பாட்டுக்குச் சொல்லிட்டிருக்கு. நம்ம செட்டுதான் மதிலைத் தாண்டாதே, அதான் கண்டுக்கல."

மெக்கானிக் இணைப்பு வயரைப் பிடுங்கக் கை நீட்டுவதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"அப்பா, நல்லா கேக்குதுப்பா."

உடனே அந்தக் குரல் வந்தது.

"பதினொண்ணு. வீட்டு மாடிப்படி. எல்லாம் சரி."