தகரத்தின் பின்பக்கம்

"மழைக்கு வீட்டு வெளிச்சுவர் மேல என்ன மாட்டலாம்?" என்று வந்தவர் கேட்ட தொனியிலேயே கடை முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களவு போன பொருளைத் தேடி வந்தவர் மாதிரி முறைத்தார் மனிதர்.

"மரப்பலகை?" அவரே கேட்டார்.

"இந்த ஈரக் காத்துக்கு ஒரே வருஷத்துல காளான் முளைச்சிடும்."

"தகரம்?"

முதலாளி சிரித்தார். அவருக்குச் சிமெண்ட் பலகையில்தான் லாபம் அதிகம்.

"புயலடிக்கிற ஊர்ல தகரமா? கழண்டா கத்தி மாதிரி பறக்கும். அதை மாட்டுறவன் மனுஷனே இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"முப்பது வருஷமா இதே பொழப்பு சார். என்னையே நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னதை அப்படியே கடைச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார் முதலாளி.

"சிமெண்ட் பலகைதானே? வீட்டு அடையாளம் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் பின்னால பெயிண்ட்ல எழுதித்தான் அனுப்புவோம். இடம் மாறிப் போகாது."

"தெரியும். ரொம்ப நல்ல பழக்கம்."

வந்தவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். வெளியே போய், வேனிலிருந்து நெளிந்த தகரம் ஒன்றை இழுத்து வந்து மேசைமேல் போட்டார்.

"போன வாரப் புயல்ல இது என் ஜன்னலை உடைச்சிக்கிட்டு வந்து என் பொண்ணு படுக்கையில விழுந்துச்சு. அப்பத்தான் அவ தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தா. யார் வீட்டுதுன்னு தெருத்தெருவா கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்புறம்தான் இதோட பின்பக்கத்தைப் பார்த்தேன்."

தகரத்தைத் திருப்பினார்.

பின்பக்கத்தில், சிவப்பு பெயிண்டில், கடைக் கணக்கரின் குண்டு எழுத்து: 'நம்ம முதலாளி வீடு.'