செல்லி பதில் சொன்ன சாயங்காலம்

பேயா? பாத்ததில்லீங்க. ஆனா அது கூப்புட்டதைக் கேட்டிருக்கேன். அதோட போயிருந்தா பரவாயில்ல, அதுக்கு ஒரு பொண்ணு பதில் சொன்னதையும் கேட்டுட்டேன்.

சித்தேரி மலையிலதான். சப்பான்காரன் சண்டை நடந்த வருசம். நான் அரூர்லருந்து உப்பு கொண்டுபோய்க் குடுத்துட்டு, கடுக்காய் வாங்கியாருவேன்.

அங்க நாகன்னு ஒருத்தன். பொண்டாட்டி கருப்பி. ரெண்டு பேருக்கும் ஒத்துவரல. ஊர் கூடுச்சு, நாகன் எல்லார் முன்னாலயும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டான். தீந்துச்சு கல்யாணம். கோர்ட்டு இல்ல, வக்கீல் இல்ல. நம்ம பக்கம் வரப்புச் சண்டைக்கே பத்து வருசம் நடப்பாங்க.

கருப்பி பள்ளத்துக்கு அந்தப்பக்கம், எதிர் மலையில, மாயவன்னு ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. பொண்ணு செல்லி அப்பன்கிட்டயே தங்கிடுச்சு. புள்ளைங்க அப்பனுக்குத்தான், அது அவங்க வழக்கம்.

செல்லிக்குப் பதினாலு, பதினஞ்சு இருக்கும். பொழுது சாயறப்ப சாமைக் காட்டுப் பரண்மேல காவலுக்கு உக்காரும். அந்நேரத்துக்கு எதிர் மலையிலருந்து ஆத்தாக்காரி கூப்புடுவா.

"செல்லீ... ஏ செல்லீ..."

இது திரும்பிக்கூடப் பாக்காது. ரெண்டு வருசம் இப்படியே ஓடுச்சு.

"பொண்ணா அது? பாறாங்கல்லு"ன்னு ஊரே பேசும். நானும்தான் பேசுனேன். ஒரு தரம் நேராவே கேட்டுட்டேன்.

"ஏம்மா, பெத்தவ அந்தக் கத்து கத்தறா. ஒரு 'ஓ' போட்டா வாயி தேஞ்சா போயிடும்?"

"உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?"ன்னுச்சு.

இருந்துச்சு. வந்துட்டேன்.

அந்தக் கார்த்திகையில மொதல்ல எதிர் மலைக்குப் போனேன். மாயவன் வாசல்ல குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தான்.

"கருப்பி போயிட்டாளுங்க. காச்சல். போன வாரம்தான் பொதைச்சோம்."

"பொண்ணுக்குச் சொல்லியனுப்புனியா?"

"துரும்பு கிள்ளுன வூட்டுக்கு எழவுச் சேதி போகக்கூடாதுங்க. போனா அந்த வூட்டுலயும் ஒண்ணு விழும். நீங்களும் வாயத் தொறந்துடாதீங்க."

பள்ளம் எறங்கி, ஏறி, நாகன் ஊருக்கு வந்து சேரறப்ப பொழுது சாஞ்சிடுச்சு. பனி எறங்குது. பரண்மேல செல்லி ஒத்தையா உக்காந்திருக்கு. கீழ நின்னு குடிக்கத் தண்ணி கேட்டேன்.

அப்பத்தான்.

"செல்லீ... ஏ செல்லீ..."

கருப்பி குரலு. அதே இழுப்பு. கொஞ்சம் கம்முனாப்பல, பனிக்குள்ளருந்து வருது.

ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எதிரொலியைப் பத்திப் படிச்சிருக்கேன். ஆனா யாரும் கூப்புடாம எதிரொலி வராதுன்னும் அதே வாத்தியார்தான் சொல்லிக் குடுத்தாரு.

அண்ணாந்து பாத்தேன். ரெண்டு வருசமா வாயத் தொறக்காத பொண்ணு எந்திரிச்சு நிக்குது. வாய்கிட்ட கையைக் குவிச்சுக்கிச்சு.

"ஓ... ஆத்தா... இங்கதான் இருக்கேன்..."

பொதைச்சவளுக்குப் பதில் சொல்லுது!

எனக்கு ஒடம்புல மசுரெல்லாம் நட்டுக்கிச்சு. தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எடுத்தேன் ஓட்டம். ஆனா பாருங்க, அந்த ஊர்லருந்து எறங்கறதுக்கு ஒரே வழி, அந்தப் பள்ளத்து வழிதான். குரல் வர்ற பக்கமாவே ஓடறேன்.

பள்ளத்துல ஒரு பெரிய பாறை. அதுக்குப் பின்னால ஒரு உருவம். முக்காடு போட்டு, எனக்கு முதுகு காட்டி நிக்குது.

"செல்லீ..."

சடார்னு நின்னுட்டேன். உருவம் திரும்புச்சு.

நாகன்! கம்பளியை முக்காடு போட்டிருக்கான்.

"சத்தம் போடாதீங்க"ன்னான். "அந்தப்பக்கம் எழவு மோளம் கேட்டுச்சு. மறுநாள் அவ கூப்புடல. புள்ளைக்குத் தெரிஞ்சா தாங்காதுங்க. துரும்பைக் கிள்ளுனவன் நான்தானே? அவ கூப்புட்டதையாச்சும் நான் கூப்புடறேன்."

"ஒருநாளும் பதில் சொல்லாத பொண்ணாச்சேப்பா. இப்ப மட்டும் சொல்லுதே?"

"அதாங்க வெளங்கல. அவ இருந்து கேட்டிருக்கக் கூடாதா..."ன்னு பாறைமேல நெத்தியை வெச்சுக்கிட்டான்.

கையைப் புடிச்சு வூட்டுக்குக் கூட்டியாந்தேன். அங்கியே படுத்துட்டு, காலையில கெளம்பறப்ப, காட்டோரம் செல்லி நின்னுச்சு. கையில ஒரு மூங்கில் குழாய், உள்ள தேனு.

"இதை எங்கப்பன்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நீங்க குடுத்ததாவே இருக்கட்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு."

"அப்ப... ஆத்தா சேதி உனக்கு..."

"மோளம் எனக்கும் கேட்டுச்சுங்க. அப்பனுக்கு மட்டும்தான் காது இருக்குதா?"

"அப்புறம் ஏம்மா பதில் சொல்றே? பெத்தவ உசுரோட கூப்புட்டப்ப ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

செல்லி எதிர் மலையைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு.

"அப்ப நான் 'ஓ'ன்னா, நானும் அங்க போயிடுவேனோன்னு அன்னிக்கு அப்பன் சோறு திங்காது. அதனால வாய மூடிக்கிட்டேன். இப்ப 'ஓ'ன்னு சொல்லலைன்னா அப்பன் அந்தப் பாறையை வுட்டு வூட்டுக்கு வராது. அதனால கத்தறேன். ரெண்டும் அப்பனுக்குத்தாங்க. ஆத்தாவுக்குன்னு நான் ஒண்ணுமே சொல்லல."

அதுக்கு நான் என்ன சொன்னேனா? தேனை வாங்கிட்டுப் போயி நாகன்கிட்ட...

"யோவ் தீர்த்தகிரி! மழை தூறுதுய்யா, உப்பு மூட்டை நனையுது!"

வந்துட்டேன்யா! வரேனுங்க.