ஞானி ஏன் போனார்?

“அந்தச் சீனத்துக் கிழவர், கொலைகாரன் கூப்பிட்டான் எண்டு ஏன் பிள்ளை போனவர்?” என்று கேட்டார் பத்மநாதன்.

ஹரிஷாவுக்கு வியப்பாக இருந்தது. ஓர்லிகோன் நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து அப்பா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த ஒரு தாவோ சமய ஞானியைப் பற்றி இன்று பேர்ண் பல்கலைக்கழகத்தில் அவள் பேசப்போகிறாள். பல வருட ஆராய்ச்சி. இதுவரை அப்பா அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

“கொலைகாரன் இல்லையப்பா. பேரரசன்.”

“ஊர் ஊராய் ஆக்களை வெட்டினவன் எண்டு நீதானே சொன்னாய்?”

“ஓம். அவனுக்கு முந்தி ரெண்டு ராசாக்கள் மரியாதையாக் கூப்பிட்டவை. ஞானி போகேல்லை. இவன் கூப்பிட, எழுபது வயசுக்கு மேல பாலைவனமெல்லாம் தாண்டிப் போனவர்.”

“என்னத்துக்கு?”

“ராசாவுக்குச் சாகாமல் இருக்க மருந்து வேணுமாம். இவர் போய், அப்பிடியொரு மருந்து இல்லை, நீ ஆக்களைக் கொல்லுறதை நிப்பாட்டு எண்டு சொன்னவர்.”

“பயப்பிடேல்லையோ?”

“பயம் இருந்திருக்கும். ஆனா தாவோக்காரர் தண்ணியைத்தான் பெரிசாச் சொல்லுவினம். எல்லாரும் அருவருக்கிற பள்ளத்துக்கும் அது இறங்கிப் போகுமாம்.”

பத்மநாதன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அவனைக் கண்டவுடன முதல் என்ன கதைச்சவர்?”

“அது சரியாத் தெரியாதப்பா.”

“அதுதானே கஷ்டம்” என்றார்.

பேர்ணில் இறங்கியதும் ஹரிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் முன் வரிசையில இருக்கவேணும்.”

“நான் அங்க வரேல்லைப் பிள்ளை. நீ வடிவாக் கதை. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

அவள் முகம் வாடியது. “அப்ப ஏன் லீவு போட்டனீங்கள்? எங்க போறியள்?”

“சிறைக்கு” என்றார் பத்மநாதன். “குடிவெறியில கார் ஓடி உன்ர அண்ணனைச் சாகடிச்ச பெடியன், ஒருக்கா என்னைப் பார்க்கவேணும் எண்டு கனகாலமாக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். அவனும் இனி வாழவேணும்தானே.”