மூன்றாவது விளையாட்டு

“இது வேணாம்.”

“அக்கா, முழுசாக் கேளு. ஐம்பது கப்பலோட சேந்து ஒரு படையா...”

“புதுசா வாறவன ஆரும் தொட ஏலாதெண்டு போட்டிரிக்கி. வேணாம்.”

“அது நல்லதுதானே கா! ஒரு மாசத்துக்கு உனக்குப் பாதுகாப்பு!”

“எனக்கென்னத்துக்குப் பாதுகாப்பு? அடுத்ததக் காட்டு.”

டரலின் நெற் கபேயில் அந்த ஞாயிறு பின்னேரம் இவர்கள் இரண்டு பேர்தான். கம்சாயினி கதிரை நுனியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மவுஸ் தம்பி நிலோஜனின் கையில்.

அவள் கையில் ஒரு தாள். போட்டோக் கொப்பி எடுத்த சாதகக் குறிப்பு ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று விளையாட்டுகளின் பெயரைப் பேனையால் எழுதியிருந்தாள். அவற்றின் கீழே, கோடு போட்டு, இன்னொரு சொல். மூன்றுமே உலகம் முழுக்க உள்ளவர்கள் ஒரே நேரத்தில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டுகள்.

கம்சாயினிக்குப் பேசியிருக்கிற நோர்வே மாப்பிள்ளையின் தாய், நாலு மணிக்கு இவர்கள் வீட்டுக்குப் போன் எடுப்பாள். ஓமா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

அம்மா விசாரிக்காத இடமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இருந்த கல்குடாவில் கேட்க ஆள் வேண்டுமே. அந்த அயலில் பாதியைச் சுனாமி கொண்டுபோனது. மீதி சண்டைக்குப் பயந்து எங்கெங்கோ போய்விட்டது. சண்டை முடிந்து ஐந்து மாதமாகியும் ஒருவரும் திரும்பவில்லை. படத்தில் ஆள் வடிவு. நல்ல வேலை. ஒருமுறை போனில் கதைத்தபோது குரலிலும் குற்றமில்லை; வேலை முடிந்தால் விண்வெளி விளையாட்டுத்தான், மூன்றிலும் ஒரே பெயர்தான் என்று சொல்லிச் சிரித்தான். ஆள் எப்படி என்று சொல்லத்தான் ஒருவருமில்லை.

“நாலு மணிக்கு முடிவு சொல்லோணும். நீ என்னடாண்டா கப்பல் ஓட்ட வந்திரிக்காய்,” என்றான் நிலோஜன்.

“வாயப் பொத்திட்டு ரெண்டாவதத் திற.”

“இது உனக்குச் சரி. ஆளுக்கொரு கிரகம். பயிர் வைக்கலாம், வீடு கட்டலாம். கத்தரித் தோட்டம் மாதிரித்தான்.”

“மத்த ஆளுக்குக் கிட்டப் போகலாமா?”

“ஏலா. கடிதம் மட்டும் போடலாம்.”

“கடிதத்தில எல்லாரும் நல்லவங்கதான். மூடிட்டு மூண்டாவதக் காட்டு.”

நிலோஜன் தயங்கினான். “இது உனக்கு வேணாம் கா. இதில ஆரும் ஆரையும் அடிக்கலாம், களவெடுக்கலாம், ஏமாத்தலாம். கேட்க நாதியில்ல.”

“ஏமாத்தினாத் தண்டனை?”

“இல்ல.”

“உதவி செஞ்சாப் புள்ளி கிள்ளி?”

“அதுவும் இல்ல.”

ஆடிக்கொண்டிருந்த கால் ஒரு கணம் நின்றது. “இதுதான்.”

“விசரா உனக்கு? நல்லது ரெண்டையும் விட்டுட்டு...”

“சுனாமி அண்டைக்கு அம்மாட தையல் மெசின் கரையில ஒதுங்கிக் கிடந்திச்சு. பக்கத்து வளவுக்காரன் எங்களுக்கு முன்னாலயே தூக்கிட்டுப் போனான். மீன்பிடிக்கிற உசனார் காக்கா தன்ட வலையெல்லாம் தண்ணியில தள்ளிட்டு எங்கள வள்ளத்தில ஏத்தினார். அண்டைக்குப் பொலிசுமில்ல, பரிசுமில்ல. ஆர் ஆரெண்டு தெரிஞ்சது அண்டைக்குத்தான்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஓட்டு.”

மூன்று மணி இருபது. புதிதாக வருகிறவர்களுக்குத் தருகிற சின்னக் கப்பலும் அதற்குள் ஒரு பொதி வெள்ளித் தாதுவும் கிடைத்தன. கம்சாயினி தாளில் கோட்டுக்குக் கீழே இருந்த சொல்லைப் பார்த்துப் பார்த்துத் தேடலில் அடித்தாள். அந்தப் பெயரில் ஓடுகிற கப்பல் நிற்கிற துறைக்கு விடச் சொன்னாள்.

“ஆரது?”

“ஆரோ. கனகாலமா விளையாடுற ஆளாம்.”

விசைப்பலகையை அவள் குத்திய குத்தில் டரல் தலையை நீட்டினார். “மெல்ல மகள், அது ஒண்டுதான் ஒழுங்கா வேலை செய்யுது!”

‘நான் புதுசு. எரிபொருள் முடிந்துவிட்டது’ என்று ஆங்கிலத்தில் அனுப்பினாள். உடனே பதில் வந்தது. ‘பயப்படாதே தம்பி.’

பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து எரிபொருள் தந்தது. எப்படித் திருப்புவது, எங்கே விற்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. கம்சாயினியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு.

“நல்ல ஆள் போல,” என்றான் நிலோஜன்.

“போலத்தான் இரிக்கி.”

‘வழியில் கொள்ளைக்காரர்கள். உன் பொதியை என் கப்பலில் ஏற்று. பத்திரமாகக் கொண்டுவந்து தருகிறேன்.’

“குடுத்திராத கா!”

“குடுப்பம். என்ன செய்றாரெண்டு பாப்பம்.”

பொதி கைமாறியது. பெரிய கப்பல் அசையாமல் நின்றது. பிறகு அது மெல்லத் திரும்பி இரண்டு வெடி வைத்தது. சின்னக் கப்பல் இரண்டாகப் பிளந்தது.

‘முதல் பாடம் தம்பி, ஆரையும் நம்பாதே. ஹா ஹா.’

“சொன்னன்தானே!” நிலோஜன் மேசையில் அடித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “சரி விடு கா. விளையாட்டுத்தானே. வேற கப்பல் சும்மா தருவாங்க.”

போன் அடித்தது. அம்மா. மணி நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கம்சாயினி தாளை நாலாக மடித்தாள். போனைத் தம்பியின் கையில் வைத்தாள்.

“அம்மாட்டச் சொல்லு, இந்தக் கப்பல்காரன நான் கட்ட மாட்டனெண்டு.”