நடுத்தெருவைத் தாண்டிய கோலம்

"பாருங்க தம்பி, நடுத்தெருவத் தாண்டிட்டா!"

மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வைத்திலிங்கம் போட்ட சத்தத்தில், மின்கம்பிக் காகங்கள் மொத்தமும் எழும்பிப் போயின. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலமெல்லாம் மீன் ஏலம் விட்ட தொண்டை. ஊரடங்குக்கெல்லாம் அது அடங்குமா?

கீழே ரோந்து வந்த கான்ஸ்டபிள் பிரேம்குமார் பைக்கை நிறுத்தி, சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். போன வாரம் அவனிடம் மாட்டிய அதே ஆள்தான்.

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் கைவீசி நடந்தது குற்றம். அதற்குத் தண்டனை தோப்புக்கரணம். வயசுக்கு மரியாதை கொடுத்துப் பத்தோடு விட்டுவிட்டான். உடற்பயிற்சி செய்ததற்கு உடற்பயிற்சியே தண்டனையா என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் வைத்திலிங்கம், இன்னும் ஓயவில்லை.

இன்றைக்கு அவருக்கு வசமாக ஒரு சாட்சியம் கிடைத்திருந்தது. எதிர்வீட்டுத் தனக்கொடி.

அவள் வாசலில் தொடங்கிய சிக்குக் கோலம் வாசலோடு நிற்கவில்லை. புள்ளி மேல் புள்ளியாக, இழை மேல் இழையாகத் தெருவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. குனிகிறாள், நிமிர்கிறாள், பின்னால் நகர்கிறாள், மறுபடி குனிகிறாள். இது தேகப்பயிற்சி இல்லாமல் வேறென்ன?

"காத்தாட கடக்கரையில நடந்தா கொரோனா ஒட்டிக்கும். மார்க்கெட்டுல இடிச்சிக்கிட்டு நின்னு கத்திரிக்கா பொறுக்குனா ஒட்டாதா? உங்க சட்டத்துக்கு மூளை இருக்கா தம்பி?"

பக்கத்து மாடியிலிருந்து நாராயணசாமி வாக்குவாதத்தில் நுழைந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. பிரான்சில் ஒரு காகிதத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓடலாமாம். அப்படியானால் அங்கேயே போய் ஓடச் சொல்லி ஏதோ ஒரு ஜன்னல் பதில் சொன்னது.

அவ்வளவுதான், தெருவே இரண்டு கட்சியானது. கோலம் தெய்வ காரியம் என்றது ஒரு கட்சி. தெய்வ காரியம் என்றால் கோயிலை ஏன் பூட்டினீர்கள் என்றது இன்னொன்று. எல்லாருடைய மாஸ்க்கும் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரேம்குமார் பாவம். அவனுக்கு வந்த உத்தரவில் பால் இருந்தது, மருந்து இருந்தது, கல்யாணம், சாவுகூட இருந்தது. கோலம் இல்லை.

"யம்மா, உங்க வாசலோட நிறுத்திக்கக் கூடாதா?"

"இன்னும் கொஞ்சந்தான் சார்." தனக்கொடி நிமிரவே இல்லை.

வைத்திலிங்கத்துக்கு எரிந்தது. குழாயடியில் அவர் மனைவி ஜெயத்தோடு குடத்துக்கு முட்டிக்கொண்டு, வருஷக்கணக்காய் முகம் பார்க்காதவள் இந்தத் தனக்கொடி. அவள் கோலத்தின் இழை ஒன்று நடுத்தெருவைத் தொட்டாலே ஜெயம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடுவாள். ஜெயம் இல்லாத நேரம் பார்த்துத் தெருவையே பட்டா போடுகிறாள் பார்!

நாலு நாளாகவே அவர் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். டிவியில் செய்தி வாசிப்பவளோடு, பால்காரனோடு, யாரும் கிடைக்காதபோது தானே போட்ட காப்பியோடு. சத்தம் நின்றால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

தனக்கொடி மாடிக்கு நேர் கீழே வந்துவிட்டாள். சன்ஷேடு மறைத்தது. கையும் களவுமாகப் பிடிக்க, வைத்திலிங்கம் வயிறு அழுந்தச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

நாலு நாளாய் மாடியில் நின்று ஊரையே பார்த்தவர், தன் வாசலை அப்போதுதான் பார்த்தார்.

வாசலை மறித்து அடித்த தகரம். தகரத்தில் ஒட்டிய நோட்டீஸ். மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கிவந்த ஜெயத்தை ஆம்புலன்சில் ஏற்றிய அன்று, நகராட்சி ஆட்கள் தூவிவிட்டுப் போன ப்ளீச்சிங் பவுடர். அதற்குப் பிறகு அந்த வாசலில் வேறு வெள்ளை விழவில்லை.

அந்தத் தகரத்தின் அடியில்தான் தனக்கொடி கடைசிப் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அந்த வூட்டுக்கிட்ட போவக் கூடாது. நோட்டீசு ஒட்டியிருக்கு பாருங்க!" பிரேம்குமார் பதறினான். பிடித்துக்கொள்ள அவனுக்கும் ஒரு சட்டம் கிடைத்துவிட்டது.

"ஆளு போவக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. எங்கூட்டுக் கோலம் போவக் கூடாதுன்னு போடல." தனக்கொடி மாவுக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "வெள்ளிக்கெழம அதுவுமா, எழவு வூடு மாதிரி வெறும் வாசலாவா கெடக்கும்? அவ திரும்பி வரப்போற வூடு சார் இது. வரட்டும். சண்டையெல்லாம் அப்பறம் வச்சிக்கிறோம்."

ஜன்னல்களில் தாடைக்கு இறங்கியிருந்த மாஸ்க்குகள் ஒவ்வொன்றாக மூக்குக்கு ஏறின.

பிரேம்குமார் மேலே பார்த்தான். "சார், உங்க புகாரு...?"

வைத்திலிங்கம் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் சுவரை எட்டி, கோலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதரம் பார்த்தார்.

"தம்பி," என்றார். பக்கத்து மாடி சொல்தாவுக்குக்கூடக் கேட்காத குரல். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க. எடது பக்கம், தகரத்து ஓரமா, ஒரு புள்ளி வுட்டுப்போச்சி. ஜெயம் வந்து பாத்தா வுட மாட்டா."