மரகதத்தின் தோல்

"அருமையான தோல்" என்று சொல்லிக்கொண்டே சுப்பராமன் மரகதத்தின் வயிற்றில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பக்கத்தில் நின்ற மாளவிகாவுக்குப் பகீர் என்றது.

மரகதம் நாலடி நீளப் பச்சை ஓணான், வெளிநாட்டு ஜாதி. மாற்றலாகிப் போன நண்பன் ஒருவன் மாளவிகாவின் கணவன் கிரீஷ் தலையில் கட்டிவிட்டுப் போனது. மயிலாப்பூர் மாடிப் போர்ஷனில் பாதி ஹாலை அடைத்துக்கொண்டு, கம்பி வலை அடித்த ஆறடி பீரோவில் குடியிருந்தது. ஆறே மாதத்தில் மாளவிகாவுக்கு அது பெறாத பெண்ணாகிவிட்டது.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் சுப்பராமன் கஞ்சிரா வித்வான். கஞ்சிராவுக்குப் போடுவது உடும்புத் தோல். உடும்பைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, நல்ல தோலுக்கு நாயாய் அலைகிறேன் என்று போன மாதம்தான் புலம்பியிருந்தார். அப்படிப்பட்ட மனுஷர் மாடியேறி வந்து வயிற்றைச் சுண்டிப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

"ரொம்ப வறண்டு கெடக்கேம்மா" என்றார் சுப்பராமன்.

"இல்லையே மாமா. எழுபது இருக்கணும், எழுபதுலதான் இருக்கு." பீரோவுக்குள் மாட்டியிருந்த ஈரம் பார்க்கும் வட்ட மீட்டரை மாளவிகா காட்டினாள்.

"என்னமோ போ. என் விரல் வேற சொல்றது" என்று முனகிவிட்டு அவர் படியிறங்கினார்.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மரகதம் தோல் உரிக்கிற சமயம் வேறு. பீரோவில் ஈரம் குறைந்தால் பழைய தோல் கழன்று வராது, விரல்களில் வளையமாக இறுகி விரலே விழுந்துவிடும் என்று கால்நடை டாக்டர் எச்சரித்திருந்தார். இந்த நேரம் பார்த்துத் திருச்சியில் நாத்தனார் கல்யாணம். போகாமல் இருந்தால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

வேறு வழியில்லாமல் மாளவிகா மாடிச் சாவியைச் சுப்பராமனின் மனைவி கோமளத்திடம் கொடுத்தாள்.

"மூணு வேளையும் தண்ணி தெளிக்கணும் மாமி. முள் எழுபதுக்குக் கீழ எறங்கினா இன்னும் கொஞ்சம் தெளிங்கோ. மாமாவுக்கு எதுக்கு சிரமம், நீங்களே பார்த்துண்டுடுங்கோ."

"அவருக்கு ஏதுடி நேரம்? வாசிக்கறதுக்கு முன்னாடி கஞ்சிராவுக்குத் தண்ணி தடவறதுக்கே அரை மணி ஆறது. சுருதி ஏறிடுத்து, எறங்கிடுத்துன்னு அதோட பேசிண்டே உக்காந்திருப்பார்."

அப்பாடா என்று மாளவிகா ரயிலேறினாள். நிம்மதி மூன்று நாள்கூட நீடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது கோமளம் மாமி உற்சாகமாகப் பேசினாள்.

"முள் எழுபதுலயேதான் இருக்குடி, அசையவே இல்லை. ஆனா மாமா ஒத்துண்டாத்தானே? சாவியைப் பிடுங்கிண்டு போய் மாடியே கதின்னு கெடக்கறார், கஞ்சிராவும் கையுமா. இன்னிக்குக் கார்த்தால தோல் அத்தனையும் வந்துடுத்துன்னு மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்."

தானாக வந்ததா, இவர் எடுத்தாரா என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மாளவிகா கட்டுச்சாதக் கூடைக்குக்கூட நிற்கவில்லை. கிரீஷை அங்கேயே விட்டுவிட்டு, அழுதுகொண்டே மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே மேலிருந்து கஞ்சிராவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. கதவு விரியத் திறந்திருந்தது. பீரோவில் மரகதம் இல்லை. தரையில் விரித்த பேப்பர் மேல் தோல் மட்டும் துண்டு துண்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. அருகே தோளில் பெரிய ஈரத் துண்டோடு சுப்பராமன் உட்கார்ந்திருந்தார்.

"கொன்னுட்டேளே மாமா. நீங்கள்லாம் ஒரு மனுஷரா?"

"ஷ், மெதுவாப் பேசு" என்றார் சுப்பராமன். "இப்பத்தான் கண்ணசந்தா."

அவர் தோளில் இருந்த துண்டு அசைந்தது. அதற்குள்ளிருந்து, புதுத் தளிர் நிறத்தில் பளபளவென்று, மரகதம் தலையை நீட்டிப் பார்த்தது.

மாளவிகா மரகதத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நாலு காலையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபதும் இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

"உன் மீட்டரை நம்பியிருந்தா பாதி விரல் போயிருக்கும்" என்றார் அவர். "ஜன்னலைத் தொறந்து போட்டேன், எழுபது. ஈரச் சாக்கைச் சுத்தினேன், அப்பவும் எழுபது. உன் முள் ஒட்டிண்டுடுத்தும்மா. எப்பலேர்ந்தோ யார் கண்டா?"

"அப்போ எவ்வளவு ஈரம் வேணும்னு எப்படி மாமா தெரிஞ்சுண்டேள்?"

சுப்பராமன் பீரோவைக் காட்டினார். மரகதம் படுக்கும் கிளையில் அவருடைய பழைய கஞ்சிரா தொங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு அதை ஒரு தட்டு தட்டினார். தும் என்று தணிவாகக் கேட்டது.

"இவ காய்ஞ்சா கத்துவா, ஈரம் பட்டா எறங்குவா. இந்தச் சுருதிக்கு வந்தப்பதான் மரகதத்துக்குத் தோல் இளக ஆரம்பிச்சுது. அதுலேர்ந்து ஏற விடாமத் தெளிச்சுண்டே இருந்தேன்."

மாளவிகா கஞ்சிராவையும் மரகதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓணானுக்கு என்ன வேணும்னு எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் சுப்பராமன், கஞ்சிராவின் உடும்புத் தோலைத் தடவிக்கொண்டே. "அவ சொந்தக்காரிதான் சொன்னா."